மிதந்த கயிறு

அக்டோபர் 3

தம்பிக்கு,

இந்த இடத்தில் 'அன்புள்ள' என்று போட்டுப் பழகிய கை இது. இன்று போடவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்தது வைத்ததுதான். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், எனக்கு உன்னைத் தெரியும்.

படகுப் பட்டறை மீசை நேற்று தபால் ஆபீசுக்கே வந்துவிட்டார். என் கவுண்டரில் ஏழு பேர் நிற்கிறார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, உங்க பாய்மரப் படகு மட்டும்தான் இன்னும் தண்ணியில நிக்குது. இருபத்தி நாலாம் தேதியோட கிரேனைக் கழட்டிடுவேன். அதுக்கப்புறம் தண்ணி உறைஞ்சு படகு நசுங்குச்சுன்னா என்கிட்ட வராதீங்க" என்றார். படகு வாங்கிய வருஷம் உனக்கு நிலையான முகவரி இல்லை என்று பதிவை என் பெயரில் போட்டோம். ஆக, கையெழுத்தும் என்னுடையது, தலையெழுத்தும் என்னுடையது.

நான் அவரிடம் சொல்லிவிட்டேன், அந்தப் படகை இனிமேல் தண்ணீரில் இறக்கப்போவதில்லை, உடைக்கக் கொடுக்கப்போகிறேன் என்று. உடைக்கிறவரின் லாரி வருஷத்துக்கு ஒருமுறைதான் வருமாம். இந்தத் தடவை நவம்பர் பத்தாம் தேதி. அதுவரை எப்படியும் கரையில் ஏற்றித்தான் வைக்கவேண்டும். உடைப்பதற்குக் கொடுத்தாலும் எண்ணெய், தண்ணீர், பாய், கயிறு எல்லாவற்றையும் இறக்கிக் காலி செய்துதான் கொடுக்கவேண்டும் என்கிறார். தூக்கில் தொங்கப்போகிறவனுக்கும் தலை வாரிவிட வேண்டும் என்கிற கதை.

இதற்கும்கூட உனக்கு எழுதியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அத்தானைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், வலது கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, படகில் ஏறி நின்று, இடது கையால் பாயை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். தையல்காரர். உன் புண்ணியத்தில் ஜூன் மாதத்திலிருந்து கத்தரிக்கோலைத் தொடாதவர். அவர் உன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். "உங்களுக்கு எதுக்குங்க இது?" என்றேன். "யாராவது செய்யணும்ல" என்றார். அதற்குமேல் அவர் எப்போது பேசியிருக்கிறார்?

அதனால் நானே செய்யப்போகிறேன். எது முதலில், எது பிறகு என்று எழுது. வேறு எதையும் எழுதாதே. வந்து நிற்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரி வராண்டாவில் அன்று சொன்னதில் எந்த மாற்றமும் இல்லை.

அக்கா


அக்டோபர் 7

அக்காவுக்கு,

நானும் போடவில்லை. சரிக்குச் சரி.

உடைக்கக் கொடுப்பாயா? பதிவு உன் பெயரில் இருக்கிறது என்பதற்காகப் படகு உன்னுடையது ஆகிவிடுமா? ஒன்பது வருஷமாக ஒவ்வொரு வசந்தகாலத்திலும் அதன் அடிவயிற்றைச் சுரண்டி வண்ணம் அடித்தவன் யார்? நீ வருஷத்தில் இரண்டு நாள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, "வெயில் அதிகம்" என்பாய். அவ்வளவுதான் உனக்கும் படகுக்கும்.

ஒரு வார்த்தை சொன்னால் பதினோரு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்து இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவேன். நீ சொல்ல மாட்டாய். வறட்டுப் பிடிவாதம் உனக்குப் பிறவிச் சொத்து. சரி, எழுதுகிறேன். பதினேழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டை நிறுத்தி வைத்துவிட்டு, மெஷின் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஜனங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். திட்டு வாங்குவது எனக்குப் பழகிவிட்டது.

முதலில் உள்ளே இருக்கும் மெத்தை, துணி, பிஸ்கட் டப்பா எல்லாவற்றையும் வெளியே எடு. ஒரு ஈரத்துணி உள்ளே தங்கினாலும் வசந்தகாலத்தில் கதவைத் திறக்கும்போது பூஞ்சை உன் முகத்தில் அடிக்கும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோ, கறுப்புக் கம்பியை முதலில் கழற்று. டீசல் தொட்டியை மட்டும் காலி செய்யாதே, கழுத்து வரை நிரப்பு. பாதித் தொட்டியாக விட்டால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிப் பழைய எண்ணெயை இறக்கி, புதியதை ஊற்று. பிறகு கடல் தண்ணீரை உறிஞ்சுகிற குழாயை, அடியில் இருக்கும் வால்வை மூடிவிட்டுக் கழற்றி, இளஞ்சிவப்பாக ஒரு உறையாத் திரவம் பட்டறையில் கிடைக்கும், அது நிறைந்த வாளிக்குள் போட்டுவிட்டு எஞ்சினை ஓட்டு. பின்பக்கத்துப் புகைக்குழாயில் சிவப்பு நீர் வரும்வரை ஓட்டு. உள்ளே வெறும் தண்ணீர் தங்கினால் அது உறைந்து இரும்பையே பிளந்துவிடும். கழிவறைப் பம்புக்கும் அதேதான்.

பாய்களை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, விசிறி மடிப்பாக மடி. உருட்டிச் சுருட்டித் திணிக்காதே. கிரேன் தூக்கும்போது பட்டை வார் எங்கே வரவேண்டும் என்று இரண்டு பக்கமும் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன், மீசைக்குக் காட்டு. அவர் பார்க்க மாட்டார், நீதான் காட்டவேண்டும். கரைக்கு வந்த அன்றே அடியைச் சுரண்டிவிடு. மறுநாள் வரை விட்டால் அந்தப் பாசி சிமென்ட் ஆகிவிடும். கடைசியில் அடித்துளைத் தக்கையைக் கழற்றி விடு, மழைத்தண்ணீர் வெளியே போகட்டும்.

கயிறுகள் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் அலசவேண்டும். உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன்: காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது பாயின் அடிக்கட்டை திடீரென்று மறுபக்கம் வீசாமல் பிடித்துவைக்க ஒரு கயிறு உண்டு, கடிவாளம் என்போம். அது இரண்டு துண்டாக இடது இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. அதையும் மற்றவற்றோடு எடுத்துப் போ. தூக்கி எறிந்துவிடாதே.

தம்பி


அக்டோபர் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தபால் பிரிக்கிற மேசையில் பார்த்தவர்கள் அதை என்னிடம் நீட்டும்போதே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடும்பச் சண்டை என்று முகவரி எழுதுகிற எழுத்திலேயே தெரிகிறது. பேனாவை அவ்வளவு அழுத்தாதே, உறை கிழிந்திருக்கிறது.

செய்துவிட்டேன். சனி, ஞாயிறு, திங்கள் மாலை, செவ்வாய் மாலை. என் உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. கழிவறைப் பம்பைப் பற்றி நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய், 'அதேதான்' என்று. அதே இல்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, ஆனால் வாழ்நாள் முழுக்க மறக்கப்போவதும் இல்லை.

எஞ்சினுக்குச் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மீசை வந்து எட்டிப் பார்த்தார். "வெட்டப்போற ஆட்டுக்கு வைத்தியமா?" என்றார். உடைக்கப்போகிற படகு, உள்ளே இருப்பதைக் காலி செய்தால் போதும். நீ எழுதியதால் செய்தேனோ, என் கை பாதி வேலையை விட்டுவிட்டு எழுந்திருக்காது என்பதால் செய்தேனோ தெரியவில்லை. உனக்காக இல்லை என்பது மட்டும் உறுதி.

உள்ளேயிருந்து நான் எடுத்தவை: உன் ஒற்றைக் காலுறைகள் மூன்று, ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. கல்லாகிப்போன ரொட்டி அரைப் பொட்டலம். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் உன் நோட்டு, 'எடுத்தால் எழுது' என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கிறாயே, அது. ஒரு திருப்புளியைக் கடன் வாங்கினால்கூட அதில் எழுதி வைக்கவேண்டும் என்று எங்களை எத்தனை வருஷம் பாடாய்ப் படுத்தினாய். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். டார்ச் விளக்குக்குப் பேட்டரி மாற்றியதை எழுதியிருக்கிறாய். உன் அத்தான் கை நசுங்கிய ஜூன் பதினாறாம் தேதி கடிவாளம் கட்டினேன் என்று எங்கேயும் இல்லை. கட்டியிருந்தால்தானே எழுதுவாய்?

பெரிய பாயைக் காயவைக்க வீட்டில் இடமில்லை. கடையில் துணி வெட்டுகிற மேசைமேல் விரித்தேன். நான்கு மாதமாகக் காலியாகக் கிடக்கிற மேசை. கத்தரிக்கோல் ஆணியில் தொங்குகிறது. உன் அத்தான் ஒரு மூலையில் உட்கார்ந்து பாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல் வழியாகப் போகிறவர்கள், "என்ன, கல்யாணப் பந்தலா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாயின் அடிக்கட்டை வீசி, பாய்மரத்தின் பக்கத்துக் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் அவர் கை சிக்கியபோது நீ சுக்கானைப் பிடித்துக்கொண்டு கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். கயிறு அறுந்துவிட்டதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். நீ கட்டவே இல்லை, சோம்பேறி. பிறகு பயந்துபோய் எதையோ அறுத்துப் போட்டுவிட்டு அறுந்தது என்கிறாய்.

மீதி கயிறுகள்தான். அலசிவிட்டு எழுதுகிறேன். அதோடு நம் கடிதப் போக்குவரத்து முடிந்தது.

அக்கா


அக்டோபர் 18

அக்காவுக்கு,

கட்டவில்லை என்று இன்னொரு முறை எழுதினால் உன் ஆபீஸ் கவுண்டருக்கே வந்து, வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் உன்னைக் கேள்வி கேட்பேன். சோம்பேறி என்றாய், பொறுத்துக்கொண்டேன். கோழை என்று ஆஸ்பத்திரியில் சொன்னாய், அதையும் பொறுத்துக்கொண்டேன். கயிற்றை நானே அறுத்துப் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பொய்யன் என்கிறாய். அது முடியாது.

கட்டினேன். இரண்டு சுற்று, மேலே ஒரு முடிச்சு. அது அறுந்தது.

கயிறுகளை அலசுகிறாயா? நன்றாக அலசு. ஒவ்வொன்றாக அலசாதே. குளியல் தொட்டியில் தண்ணீரை நிறைய விட்டு, எட்டையும் ஒரே நேரத்தில் போடு. கடிவாளத்தின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் போடு. போட்டுவிட்டு ஐந்து நிமிடம் அங்கேயே நின்று பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது. இல்லாவிட்டால் எழுதாதே. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

தம்பி


அக்டோபர் 22

தம்பி,

எட்டுக் கயிறுகள் போட்டேன். ஏழு முங்கின.

கடிவாளத்தின் இரண்டு துண்டுகளும் மேலே நின்றன. கையால் அழுத்தினேன். விட்டால் மேலே வந்தன. மறுபடியும் அழுத்தினேன். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். என் பாவாடை முழுக்க நனைந்ததுகூடத் தெரியவில்லை.

"இது தண்ணியில முங்கவே முங்காதும்மா. படகுக்கு இதைவிட நல்ல கயிறு கிடையாது." கடைக்காரர் என்னிடம் சொன்ன வார்த்தை. பிப்ரவரி மாதம்.

உனக்கு எழுதித்தான் ஆகவேண்டுமா? எழுதுகிறேன். கடையின் பெரிய தையல் மெஷினை மாடிக்கு ஏற்றினோம் இல்லையா? படியில் திரும்பவில்லை, ஜன்னல் வழியாகத்தான் இழுத்தோம். நல்ல கயிறு வேண்டும் என்று நான்தான் படகுக்குப் போய்க் கடிவாளத்தை எடுத்து வந்தேன். ஜன்னல் விளிம்பு அதைப் பாதி தின்றுவிட்டது. அதே நீலம், நடுவில் அதே வெள்ளை இழை, அதே நீளம் என்று பார்த்துப் பார்த்து வாங்கி, நீ சுருட்டுகிற மாதிரியே சுருட்டி வைத்தேன். நோட்டில் எழுதவில்லை. எழுதினால் நீ அரை நாள் பிரசங்கம் செய்வாய், அக்காவுக்குக் கயிற்றைப் பற்றி என்ன தெரியும் என்று. உனக்குப் பயந்து எழுதவில்லை. பிறகு மறந்தே போய்விட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன்.

அவர் கையை நசுக்கியது நான் வாங்கிய கயிறு.

இதில் எனக்கு வருகிற கோபம் யார்மேல் தெரியுமா? உன்மேல். உனக்குத் தெரியும். ஜூன் மாதத்திலிருந்து தெரியும். இல்லாவிட்டால் தொட்டியில் போட்டு நின்று பார் என்று எழுதுவாயா? நான்கு மாதம் என்னைக் குரைக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய். ஆபீசில், தெருவில், மருந்துக்கடையில், எல்லோரிடமும் என் தம்பி, என் தம்பி என்று சொல்லி உன்னைக் காறித் துப்பினேனே. ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம் இல்லையா? நீ செய்தது எனக்கு இழைத்த துரோகம். நான் செய்தது பிழை. இரண்டும் ஒன்று இல்லை.

அக்கா


அக்டோபர் 26

அக்கா,

ஒன்றில்லைதான். ஆனால் நீ எழுதியிருக்கிற மாதிரியும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நீ என்னைப் பேசவிட்டாயா? கயிறு அறுந்துவிட்டது என்று நான்கு தடவை சொன்னேன். நீ என் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினாய். அதன் பிறகு போனைத் தடுத்தாய். சொல்வதற்கு ஏதாவது வழி வைத்தாயா? மறுநாள் படகுக்குப் போய் அறுந்த துண்டுகளைக் கையில் எடுத்தபோதுதான் புரிந்தது. அந்த வகைக் கயிறு வெயிலில் இற்றுப்போகும், திடீரென்று இழுத்தால் கொஞ்சமும் நீளாது, பட்டென்று போய்விடும். இருக்கைப் பூட்டின் சாவி மூன்று பேரிடம்தான் இருக்கிறது. நான் வாங்கவில்லை. அத்தான் ஒரு பொத்தான் வாங்கினாலும் நான்கு பேரிடம் கருத்துக் கேட்பார். மிச்சம் யார்?

ஆனால் ஏப்ரலில் படகை இறக்கியபோதே அதை நான் கையில் எடுத்தேன், அக்கா. லேசாக இருந்தது. வழுக்கியது. யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியது. கேட்கவில்லை. அன்றைக்குக் காற்று நன்றாக இருந்தது, போகலாம் என்ற அவசரம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை லிஃப்டின் கம்பிவடத்தை விரலால் தடவிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவன். முன்பின் தெரியாதவர்கள் என் விரலை நம்பித்தான் மேலே போய் வருகிறார்கள். அத்தானும் என் விரலை நம்பித்தான் படகில் ஏறினார். அந்த விரலுக்கு அது சரியில்லை என்று தெரிந்தது. கட்டினேன்.

இதைச் சொன்னால்தான் உன் பங்கையும் சொல்லமுடியும். அதனால் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன், நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய். நீ ஒவ்வொரு நாளும் என்னைத் திட்டுகிறாய் என்று யாராவது போனில் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு ருசி இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம், பார், எவ்வளவு பொறுமையாக இருக்கிறேன் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். உனக்கு நான் செய்த துரோகம் என்றால் அதுதான்.

அத்தானிடம் சொல்லாதே. அவருக்கு ஒரு கெட்டவன் கிடைத்துவிட்டான், பதினோரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். வீட்டுக்குள்ளேயே இன்னொருத்தர் எதற்கு? படகை வேண்டுமானால் உடைத்துக்கொள். நான் இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன்.

தம்பி


அக்டோபர் 31

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

இருபத்தி நாலாம் தேதி காலையில் படகைத் தூக்கினார்கள். முதலில் பாய்மரத்தை இறக்கி இரண்டு முக்காலிகள்மேல் படுக்க வைத்தார்கள். பிறகு படகு. நீ சொன்னபடியே மீசை மஞ்சள் டேப்பைப் பார்க்கவில்லை, பின்பக்க வாரை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார். நான் கிரேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "அம்மா, வழியை விடுங்க" என்றார். "டேப்புக்கு வந்தாத்தான் விடுவேன்" என்றேன். வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அது தலைக்கு மேலே தொங்கியபோது எனக்குப் பயமாக இருந்தது, இவ்வளவு பெரியதா என்று. அன்று மாலை வரை அடியைச் சுரண்டினேன். உன் அத்தான் பக்கத்தில் நின்று ஹோஸ் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார், இடது கையால்.

வீட்டுக்கு வந்து, தலையில் பாசியோடு, சாப்பாட்டு மேசையில் சொன்னேன். மெஷின், கயிறு, கடைக்காரர், நோட்டு, தொட்டி எல்லாம். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எழுந்து கடைக்குப் போய்விட்டார். அன்று அங்கேயே படுத்துக்கொண்டார், மறுநாளும், அதற்கு மறுநாளும். சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுகிறார். என்னைப் பார்ப்பதில்லை.

நான்காவது நாள் உன்னுடைய கடைசிக் கடிதம் வந்தது. நீயும் கட்டும்போதே தெரிந்துதான் கட்டினாய் என்பதை மறைத்தால் அதுவும் நான் எழுதாமல் விட்ட நோட்டு மாதிரி ஆகிவிடும். உன் கடிதங்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் வெட்டுகிற மேசைமேல் வைத்தேன். "படிச்சுப் பாருங்க. அவன் மேலயும் தப்பிருக்கு" என்றேன். கடைசியில் அதைத்தான் சொல்லத் தோன்றியது எனக்கு.

நிதானமாகப் படித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"மூணு கடிதம்! எஞ்சினுக்குக் குளிரும்னு எழுதியிருக்கான். பாய் ஈரமா இருக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கான். பேட்டரியில எந்தக் கம்பியை முதல்ல கழட்டணும்னுகூட எழுதியிருக்கான். என் கை எப்படி இருக்குன்னு ஒரு வரி இருக்கா இதுல? நீயே தேடிச் சொல்லு."

நான் தேடவில்லை. எனக்குத் தெரியும், இல்லை.

"நீ? பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் என் கையைச் சொல்லிச் சொல்லி உன் தம்பியைத் திட்டுனே. என்கிட்ட கேட்டியா? எரியிற கொள்ளியில எது நல்ல கொள்ளின்னு நீங்க ரெண்டு பேரும் நாலு மாசமா தேடுறீங்க. கட்டினவன் தப்பா, வாங்கினவ தப்பான்னு. கை யாரோடது?"

மாத்திரை போட்டீங்களா என்று தினமும் கேட்டிருக்கிறேன், தம்பி. மாத்திரையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 3

அக்கா,

அத்தான் கை எப்படி இருக்கிறது?

அவருக்கு நேராக எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ கேட்டு எழுது. அவர் சொல்வதை அப்படியே எழுது. உன் கோபத்தையும் கலக்காதே, எனக்காக எதையும் குறைக்கவும் குறைக்காதே.

தம்பி


நவம்பர் 6

தம்பிக்கு,

கேட்டேன். "இப்ப எதுக்கு?" என்றார். "அவனும் கேட்டிருக்கான், நானும் கேக்கறேன்" என்றேன். உன் கடிதத்தை வாங்கி, அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்தார்.

அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன். கட்டைவிரல் ஆட்காட்டி விரலைத் தொடுகிறது. நடுவிரலுக்குப் பாதி தூரம் போகிறது. மற்ற இரண்டுக்கும் போகவில்லை. கரண்டி பிடிக்கலாம், பேனா பிடித்தால் இரண்டு வரிக்கு மேல் நடுங்குகிறது. சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆகிறதாம். அதனால்தான் எனக்கு முன்னால் எழுந்திருக்கிறார். தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குளிர் ஆரம்பித்ததிலிருந்து காலை நேரத்தில் மணிக்கட்டு அசைவதே இல்லை.

இனிமேல் அந்தக் கையால் கத்தரி பிடிக்க வராது. டாக்டர் ஆகஸ்ட் மாதமே சொல்லிவிட்டாராம். ஆகஸ்ட், தம்பி. இரண்டரை மாதமாக அவர் ஒருவரே அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவனைத் திட்ட உனக்கு இன்னொரு காரணம் கிடைச்சிடும். எனக்கு அது வேணாம்னு தோணுச்சு" என்றார்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள்களை இழுத்துப் போட்டார். எல்லாம் சட்டைத் துண்டுகளாக வெட்டியவை. கை, காலர், முன்பக்கம். ஆரம்பத்தில் இருப்பவை எலி கடித்த மாதிரி இருக்கின்றன. மேலே இருப்பவை பரவாயில்லை. நேற்று வெட்டிய ஒரு சட்டைக் கையில் வளைவு சரியாகவே வந்திருக்கிறது. இடது கைக்காரர்களுக்கு என்று தனியாகக் கத்தரி உண்டாம், தபாலில் வரவழைத்திருக்கிறார். செப்டம்பரில் அந்தப் பார்சல் என் கவுண்டருக்குத்தான் வந்தது. நானே கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடம் கொடுத்தேன். என்ன பார்சல் என்று கேட்கவில்லை. அன்று உன்னைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன்.

படகைப் பற்றி: பத்தாம் தேதி லாரியை வரவேண்டாம் என்று நேற்று அவரே போய் மீசையிடம் சொல்லிவிட்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை. "படகு எனக்கும்தான். வெட்டணும்னு நீ சொன்னே, வெட்டாதேன்னு அவன் சொன்னான். யாரும் என்னைக் கேக்கல" என்றார். வசந்தகாலத்தில் தண்ணீரில் இறக்குவதா, அதில் அவர் ஏறுவாரா என்பதெல்லாம் தெரியாது. இப்போதைக்குப் பனி விழுமுன் மேலே போட ஒரு மூடுதுணி வேண்டும். பழையது கிழிந்துவிட்டது. கெட்டித் துணி வாங்கி வைத்திருக்கிறார், இடது கையால் அவரே வெட்டுவார். தைப்பதற்கு இரண்டு பேர் வேண்டுமாம், ஒருவர் மெஷினுக்கு, ஒருவர் துணியைத் தாங்கிப் பிடிக்க. யார் அந்த இரண்டு பேர் என்று அவர் சொல்லவில்லை, இதைச் சொல்லும்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ரயிலில் வா. உன்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. உனக்கும் என்மேல் குறைந்திருக்காது, குறைந்ததாக நடிக்க வேண்டாம். நாம் அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவர் உன்னோடு பேசுவாரா என்று எனக்குத் தெரியாது, என்னோடே இன்னும் சரியாகப் பேசவில்லை.

காலை வண்டியில் வந்தால் அவர் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிற நேரமாக இருக்கும். உதவி செய்யப் போகாதே, அவருக்குப் பிடிக்காது. எதிரில் உட்கார்ந்து, கடைசிப் பொத்தான் வரை பார்.

அக்கா